பழி ஓரிடம், பாவம் ஓரிடம்



'பழி ஓரிடம், பாவம் ஓரிடம்' என்பார்கள் நம் பெரியவர்கள். நோய்களின் வரலாற்றுக்கும் இது பொருந்தும். ஆடு, செம்மறி, பன்றி ஆகிய பண்ணை விலங்குகளையும் மனிதரையும் ஒருசேரத் தாக்கும் ஒரு கிருமியின் கதையே இன்றைய பேச்சு. கிருமியின் பெயர் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லி. அது தரும் நோய் மெலியோய்டோசிஸ்.

கதை தொடங்குவது 1911இல், ரங்கூனில். அங்கு மார்பின் ஊசிக்கு அடிமையாகி இறந்தவர்களின் உடல்களை அறுத்துப் பார்த்தார் மருத்துவர் ஆல்பிரட் விட்மோர். நுரையீரல் எங்கும் சீழ்க் கட்டிகள். குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோயைப் போலவே இருந்தது. ஆனால் கிளாண்டர்ஸ் கிருமி அசையாது, இதுவோ நீந்தியது. ஆகவே இது புதிய கிருமி என்று முடிவு செய்தார். 1912இல் வெளிவந்த அறிக்கையில் அவர் பெயரோடு கிருஷ்ணசாமி என்பவர் பெயரும் இருந்தது. பின்னாளில் உலகம் அதை 'விட்மோர் நோய்' என்றே அழைத்தது. கிருஷ்ணசாமி மறக்கப்பட்டார்.

அடுத்த கட்டம் நம் கோலாலம்பூர். 1913இல் இங்குள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் சோதனைக்காக வளர்த்த கினிப் பன்றிகள் கொத்துக் கொத்தாக மடிந்தன. ஸ்டான்டன், பிளெட்சர் என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, ரங்கூனில் கண்ட அதே கிருமி என்று தெரிந்தது. 1921இல் அவர்கள்தாம் மெலியோய்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். கழுதைகளுக்கு வரும் நோயைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. 1932இல் தங்கள் ஆய்வுகளைத் தனி நூலாகவும் தந்தார்கள்.

அரும்பணிதான். ஆனால் நோய் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அவர்கள் கை காட்டியது எலியை. எலியின் கழிவு பட்ட உணவால் மனிதருக்குத் தொற்றுகிறது என்று நம்பினார்கள். பல ஆண்டுகள் அந்தப் பழி எலி மேலேயே கிடந்தது.

1949இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், விண்டன் என்ற இடத்தில் செம்மறி ஆடுகள் இந்நோயால் இறந்தன. அடுத்த ஆண்டே அம்மாநிலத்தில் மனிதரிடமும் நோய் காணப்பட்டது. உண்மை வெளிப்பட்டது 1955இல். இந்தோசீனாவில் ஆய்வு செய்த ஷாம்போன், சேற்றிலும் நீரிலும் இதே கிருமியைப் பிரித்தெடுத்தார். எலி குற்றவாளி அல்ல. கிருமியின் வீடு மண். எலியும் ஆடும் மனிதரும் அந்த மண்ணிடம் அடிபட்டவர்களே.

நேயர்களே, இந்தத் திருத்தம் ஏன் முக்கியம்? நோயுற்ற ஆட்டை அகற்றிவிட்டால் பண்ணை சுத்தமாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. மண்ணும் குட்டை நீரும் அப்படியேதான் இருக்கின்றன. மழைக் காலத்தில் கிருமி மேலே வருகிறது. காயத்தின் வழியாகவும், மூச்சின் வழியாகவும், குடிநீரின் வழியாகவும் உடலில் புகுகிறது. ஆட்டின் நுரையீரலிலும் மடியிலும் கட்டிகள் உண்டாகலாம். பன்றியோ வெளியில் நலமாகவே தோன்றும். அறுக்கும்போதுதான் உள்ளே சீழ் தெரியும்.

2010இல் பகாங் மாநிலத்தின் லுபுக் யூவில் நீரில் மூழ்கிய ஒருவரைத் தேடிச் சென்றவர்களிடையே மெலியோய்டோசிஸும் எலிச்சிறுநீர் நோயும் பரவி, 8 பேர் உயிரிழந்தனர். உலகில் ஆண்டுக்கு சுமார் 165,000 பேருக்கு மெலியோய்டோசிஸ் வருவதாகவும், 89,000 பேர் இறப்பதாகவும் 2016இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது. இனிப்பு நீர் உள்ளவர்களையே இது அதிகம் தாக்குகிறது. நம் சமுதாயத்தில் இனிப்பு நீர் இல்லாத வீடு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்குத் தடுப்பூசி இன்னும் இல்லை. உரிய மருந்து உண்டு. ஆனால் மாதக்கணக்கில் விடாமல் எடுக்க வேண்டும். எனவே ஆடு வளர்ப்போரும் தோட்ட வேலை செய்வோரும் சேற்றில் இறங்கும்போது பூட்ஸ் அணியுங்கள். காயத்தை மூடுங்கள். ஆட்டுப் பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். கொட்டகையில் ஆடுகள் காரணம் தெரியாமல் இறந்தால் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். இறந்த ஆடு குற்றவாளி அல்ல, நமக்கு முன்னெச்சரிக்கை தந்த சாட்சி.