நெசவாலை இரைச்சலும் ஜின்செங்கும்: செவித்திறன் காப்புக்கான சான்றின் வலிமை

தொழிற்சாலை இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளில் தொடங்குகிறது. அன்றாடப் பேச்சின் பெரும்பகுதி அதற்குக் கீழான அதிர்வெண்களில் இருப்பதால், தொழிலாளி தன் குறையை உணர்வதற்குள் பல ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. அதற்குள் உட்காதின் காக்லியாவில் புற மயிர்ச்செல்கள் கணிசமாக அழிந்திருக்கும். ஒரு காதுக்குச் சுமார் 12,000 மட்டுமே உள்ள இச்செல்கள் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே இந்நோய்க்கு மருத்துவம் என்பதைவிட முன்காப்பே பொருத்தமான சொல்.

தாவரச் சத்துகள் இம்முன்காப்பில் இடம்பெறக்கூடும் என்ற எண்ணத்துக்கு உயிர்வேதியியல் அடிப்படை உண்டு. பேரொலி மயிர்ச்செல்களை அதிர்வால் சிதைப்பதோடு நிற்பதில்லை. அளவுமீறி உழைக்கும் செல்களுக்குள் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளும் பெருகுகின்றன. கினிப்பன்றிகளில் இப்பெருக்கம் இரைச்சல் ஓய்ந்த பின்னும் ஏழு முதல் பத்து நாள் வரை தொடர்வது காணப்பட்டிருக்கிறது. அந்த இடைவெளியில் ஆன்டிஆக்சிடன்ட் ஒன்று செல்லைக் காக்கலாம் என்ற கருத்தில்தான் ஜின்செங், கிங்கோ, மஞ்சளின் குர்குமின் ஆகியவை விலங்குகளில் சோதிக்கப்பட்டன. ஊக்கமளிக்கும் முடிவுகளும் கிடைத்தன.

ஆலைத் தொழிலாளரிடம் நடந்த சோதனைகளில் 2014இல் வெளியான ஈரானிய ஆய்வு குறிப்பிடத்தக்கது. நெசவாலை ஒன்றில் தொடர் இரைச்சலில் வேலைசெய்த 48 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் ஜின்செங், இன்னொன்றுக்கு 1,200 மில்லிகிராம் என்-அசிட்டைல்சிஸ்டைன் என்ற செயற்கை மருந்து. மூன்றாம் குழுவுக்கு எதுவும் இல்லை. முதல் நாள் வேலைக்கு முன்பும் பதினைந்தாம் நாள் வேலைக்குப் பின்பும் செவித்திறன் அளக்கப்பட்டது. 4, 6, 16 கிலோஹெர்ட்ஸ் ஒலிகளில் தற்காலிகக் கேட்புக் குறைவு இரு மருந்துக் குழுக்களிலும் சிறிதாக இருந்தது. ஆனால் தாவரச் சத்தைவிடச் செயற்கை மருந்தே கூடுதல் பலன் காட்டியது.

இந்த முடிவிலிருந்து ‘ஜின்செங் செவியைக் காக்கும்’ என்ற முடிவுக்குப் போக முடியாது. ஒப்பீட்டுக் குழுவுக்குப் போலி மாத்திரைகூடத் தரப்படவில்லை. செவித்திறன் சோதனையோ ஒலி கேட்டதும் பொத்தானை அழுத்தும் மனிதரின் கவனத்தைச் சார்ந்தது. அதைவிடப் பெரிய இடர்ப்பாடு அளவுகோலிலேயே இருக்கிறது. தற்காலிகக் குறைவு என்பது ஓய்வுக்குப் பின் தானே சீராவது. அது சீரானால் சேதமில்லை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2009இல் ஆய்வாளர்கள் குஜாவாவும் லிபர்மேனும் எலிகளில் செய்த ஆய்வு அக்கருத்தைக் குலைத்தது: கேட்புத்திறன் முழுதும் மீண்டு, மயிர்ச்செல்களும் பிழைத்திருந்த காதுகளில், உயரொலிப் பகுதியின் நரம்பிணைப்புகளில் ஏறத்தாழப் பாதி நிரந்தரமாக அழிந்திருந்தன. தற்காலிகக் குறைவைச் சற்றே சுருக்கும் ஒரு பொருள் அந்த நரம்பிணைப்புகளையும் காக்கிறதா என்பதற்குப் பதினைந்து நாள் அளவீட்டில் விடை கிடையாது. அதில் கூடுதல் பலன் காட்டிய என்-அசிட்டைல்சிஸ்டைனையே எடுத்துக்கொண்டாலும், அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் பயிற்சி வீரர் 566 பேரிடம் நடந்து 2015இல் வெளியான சோதனையில் அது முதன்மை அளவீடுகளில் தெளிவான பலன் காட்டவில்லை.

மறுபுறம், ஒலியைக் குறைப்பதன் பயனைக் கணக்கிட்டே காட்டலாம். ஒலியாற்றல் 3 டெசிபலுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. எனவே தறியின் இரைச்சல் 10 டெசிபல் குறைந்தால் காதை அடையும் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிறது. காதடைப்பானின் கணக்கும் இதே வகையில் கறாரானது. 30 டெசிபல் தடுக்கும் அடைப்பானை எட்டு மணி நேர வேலையில் அரைமணி மட்டும் கழற்றிவைத்தால், மொத்தக் காப்பு சுமார் 12 டெசிபலாகச் சரிகிறது. வெப்பத்திலும் வியர்வையிலும் அதை அடிக்கடி கழற்றுவது இயல்பு. மாத்திரையின் கவர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அந்த இடைவெளியை மாத்திரை அடைக்கும் என்பதற்குச் சான்றில்லை. தொழிலாளியைக் குறை சொல்வதற்கும் இக்கணக்கு பயன்படாது: இயந்திரத்தை அமைதிப்படுத்துவதே முதல் கடமை, அடைப்பான் அதன் பின்னரே. இந்தியாவில் தொழிற்சாலைகள் சட்டம், 1948, இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பை அறிவிக்கவேண்டிய நோயாகப் பட்டியலிட்டதும் நிர்வாகத்தின் பொறுப்பைச் சுட்டுவதே. ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்று இப்பொறுப்பைத் தொழிலாளியின் உடலுக்கு மாற்றிவிடும் ஆபத்து கற்பனையன்று; மாத்திரை மலிவு, தறியை மாற்றுவது செலவு.

தாவரச் சத்து என்பதாலேயே தீங்கற்றது என்றும் ஆகாது. ஜின்செங், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தின் வேலையில் குறுக்கிடக்கூடும். நீரிழிவு மருந்து உட்கொள்வோரின் சர்க்கரை அளவையும் மாற்றக்கூடும். நாள்தோறும் பல்லாண்டு உட்கொள்ள வேண்டிய ஒன்றுக்கு இவை சிறு செய்திகள் அல்ல.

ஆய்வு தொடரலாம். போலி மாத்திரைக் குழு, ஆண்டுக்கணக்கான பின்தொடர்தல், இரைச்சலினூடே பேச்சைப் புரிந்துகொள்ளும் சோதனை, உட்காது தானே எழுப்பும் மெல்லொலியைப் பதியும் செவியுமிழ் ஒலி அளவீடு ஆகியவை அதற்குத் தேவை. ஆனால் இரைச்சல் முறையாகக் கட்டுப்படுத்தப்பட்ட ஆலையில் மருந்தின் பலன் மிகச் சிறிதாகவே தென்படும். அதைக் கண்டறிய ஆயிரக்கணக்கானோர் வேண்டியிருக்கும். கட்டுப்படுத்தப்படாத ஆலையிலோ பலன் எளிதில் தெரியலாம். அங்கே, தடுக்கக்கூடிய இரைச்சலில் தொழிலாளரை நிறுத்திவைத்து மாத்திரையைச் சோதிப்பதை எந்த அறநெறிக் குழுவும் ஏற்கலாகாது.