இலத்திரன்–பொசித்திரன் மோதலில் கரும்பொருள் தேடல்

விண்மீன்களும் கோள்களும் ஆன சாதாரணப் பொருளைவிட ஐந்து மடங்குக்கு மேல் அண்டத்தில் நிறைந்திருப்பது கரும்பொருள். அது ஒளியை உமிழாது, மறைக்காது. ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டும். 1933இல் பிரிட்ஸ் சுவிக்கி அதன் தடத்தைக் கண்டார். அது எத்துகளால் ஆனது என்பது இன்னும் தெரியாது. துகள்களை மோதவிட்டுத் தேடும் வழிகளுள் இலத்திரன்–பொசித்திரன் மோதலே கணக்குத் துப்புரவானது.

குறிகட்டுவானில் நிறுத்து வள்ளத்தில் ஏற்றிய சாமானை நெடுந்தீவில் இறக்கி மீண்டும் நிறுத்தால், குறைவது உடனே தெரியும். ஏற்றும்போதே நிறுக்காவிட்டால் எதைக் குறை என்பது? புரோத்தன் அப்படிப்பட்டது: குவார்க்குகளின் மூட்டை, உள்ளே எது எவ்வளவு சக்தியோடு மோதியது என்று சொல்ல முடியாது. இலத்திரனில் உட்கூறு எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. அதனால் ஏற்றிய சக்தி தெரியும்; மோதலின் பின் அது குறைந்தால், கண்ணில் படாத ஏதோ கொண்டுபோனது என்று பொருள்.

இலத்திரனின் எதிர்த்துகளான பொசித்திரனை முன்கூட்டிச் சொன்னவர் இயற்பியலாளர் டிராக். அவரிடம் கேம்பிரிட்ஜில் பயின்று இலத்திரனின் இயக்கத்தை ஆராய்ந்தவர் ஈழத்தமிழரான கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர் (1918–2001). இவ்விரு துகள்களையும் மோதவிடும் முதல் வளையம் 1961இல் இத்தாலியின் பிராஸ்காட்டியில் இயங்கியது. 1989இல் ஜெனீவா அருகே 27 கிலோமீற்றர் வளையம் தொடங்கியது. அங்கே ஒற்றை ஒளியன் (ஒளித்துகள்) மட்டும் பதிவாகி, எதிர்ப்புறம் வெறுமையாயிருந்த மோதல்களை எண்ணினார்கள். கண்டவை, கருவியில் படாமல் தப்பும் மூவகை நியூட்ரினோக்களின் கணக்குக்குள் அடங்கின.

இத்தேடலின் பெருஞ்சிக்கல் மிகச் சிறிய ஓர் இடுக்கு. எதிரெதிரே பறக்கும் இரு ஒளியன்களில் ஒன்று உணர்கருவியின் இணைப்பு இடைவெளியில் நழுவினால், அது கரும்பொருள் போலவே தோன்றும். தராசில் வைக்க மறந்த மூட்டையும் குறையாகத்தானே தெரியும்! கலிபோர்னியாவின் பாபார் குழு இதையெல்லாம் கழித்து, 2017இல் முடிவை வெளியிட்டது: கரும்பொருளாகச் சிதையும் ‘இருண்ட ஒளியன்’ 8 ஜிகா இலத்திரன்வோல்ட் நிறை வரை தென்படவில்லை. இதை வெறுங்கை என்று ஒதுக்கலாகாது. இலத்திரனின் கனத்த உறவான மியூவனின் காந்தத்தன்மையில் கண்ட முரணுக்கு அவ்வகை ஒளியனே காரணம் என்ற விளக்கம் அதோடு அடிபட்டுப்போனது.

இன்று இப்பணியில் முன்நிற்பது யப்பானின் சுகுபாவில் உள்ள பெல் 2 ஆய்வு. அதன் மோதல்கள் 2018 ஏப்ரல் 26இல் தொடங்கின. அங்குள்ள சிலிக்கன் உணர்கருவியின் நான்காம் அடுக்கு, மும்பை டாடா ஆய்வு நிறுவனம் முன்னின்று இந்தியக் குழு செய்தது; சென்னை ஐஐடியும் கூட்டமைப்பில் உண்டு. 2020இல் வந்த அதன் முதல் இயற்பியல் கட்டுரையே, இரு மியூவன்களோடு பிறந்து கண்ணில் படாமல் மறையும் துகளைத் தேடியதுதான். துகள் அகப்படவில்லை. 2022இல் மேம்பாட்டுக்காக நிறுத்திய வளையம் 2024இல் மீண்டும் ஓடத் தொடங்கியது.