மணியக்காரர் சத்திரம்: கஞ்சித் தொட்டி முதல் காப்பகம் வரை

மணியக்காரர் சத்திரம் என்பது வடசென்னையில் இராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை எல்லையில், ஸ்டான்லி மருத்துவமனைக்கு அருகில் உள்ள பழமையான அறநிலையம் ஆகும். பொதுமக்களின் நன்கொடையும் அரசின் பணமும் சேர்ந்து உருவான தொண்டு நிலையங்களில், சென்னையில் இன்றும் தொடர்பவற்றுள் மிகப் பழையவற்றில் இதுவும் ஒன்று. ஒரு தொண்டு நிலையத்துக்கு அரசு பணம் கொடுக்கத் தொடங்கினால் பின்னாளில் என்ன நிகழ்கிறது என்பதை இதன் வரலாறு காட்டுகிறது.

தோற்றம்

1780 ஜூலையில் ஹைதர் அலியின் படை கர்நாடகப் பகுதிக்குள் நுழைந்தது. சென்னையைச் சுற்றியிருந்த ஊர்களில் பயிரும் கால்நடையும் அழிந்தன. மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்னைக்கு வந்து சேர்ந்தனர். 1781இல் பஞ்சம் முற்றியபோது பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி அரசும் அதற்குப் பெருந்தொகை அளித்தது. நகரில் உணவளிக்க இயலாதவர்கள் வடமாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சிய ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்ற 1782இல் அமைந்த இடமே பின்னர் சத்திரமாக நிலைபெற்றது.

ஊர் மணியக்காரர் ஒருவரின் பொறுப்பில் இருந்ததால் இப்பெயர் வந்தது என்பர். ஆங்கிலேயர் வாயில் ‘மணியக்காரர்’ என்பது ‘மோனிகர்’ என மருவியது. மக்களோ அதைக் ‘கஞ்சித் தொட்டி’ என்றே அழைத்தனர். ஸ்டான்லி மருத்துவமனையைக் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்று சொல்லும் வழக்கம் வடசென்னையில் நெடுங்காலம் நிலவியது.

மருத்துவமனை வளர்ந்த கதை

பசியோடு வந்தவர்களில் பலர் நோயாளிகளாகவும் இருந்தனர். 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் இந்தியர்களுக்கான மருத்துவ நிலையம் ஒன்றைத் தொடங்கினார். பின்னர் அது சத்திரத்துடன் இணைந்து இயங்கியது. 1877இல் இராயபுரத்தில் துணை மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவமனை அரசின் நேரடிப் பொறுப்புக்கு மாறியது. மருத்துவப் பள்ளிக்கு 1934இல் ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயர் சூட்டப்பட்டது. 1938இல் அது கல்லூரியாக உயர்ந்தது.

இரண்டு வழிகள்

ஒரே வேரிலிருந்து கிளைத்த இரண்டும் இவ்வாறு வெவ்வேறு வழியில் சென்றன. மருத்துவமனை அரசின் தேவைகளோடு பொருந்தியது. தொற்றுநோயைக் கட்டுப்படுத்தவும், மருத்துவப் பணியாளர்களைப் பயிற்றுவிக்கவும் அது பயன்பட்டது. எனவே அதற்கு ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் இடம் கிடைத்தது. ஏழைகளுக்கும் முதியோருக்கும் சோறும் தங்குமிடமும் தரும் பணிக்கு அத்தகைய இடம் கிடைக்கவில்லை. சத்திரம் அறக்கட்டளையாகவே நீடித்து, ஆதரவற்ற முதியோருக்கான இல்லமாக இயங்கி வருகிறது.

மாநகராட்சியின் பங்கு

சென்னை மாநகராட்சி 1688இல் நிறுவப்பட்டது. வீடற்றோருக்குத் தங்குமிடம் தருவது உள்ளாட்சியின் கடமையாக நாடு முழுவதும் வலியுறுத்தப்பட்டது அண்மைக் காலத்தில்தான். மக்கள் குடியுரிமைக் கழகம் தொடர்ந்த உணவு உரிமை வழக்கில், 2010இல் உச்ச நீதிமன்றம் இது குறித்து ஆணைகள் பிறப்பித்தது. நகரங்களில் 1 லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்ற அளவுகோல் அவ்வழக்கில் உருவானது. 2011இல் விரிவாக்கப்பட்ட சென்னையின் மக்கள்தொகை ஏறத்தாழ 67 லட்சம். அக்கணக்கின்படி 67 காப்பகங்கள் தேவை.

அதே 2011இல் திருவொற்றியூர் நகராட்சியும், எண்ணூரை உள்ளடக்கிய கத்திவாக்கம் நகராட்சியும் மாநகராட்சியுடன் இணைந்தன. துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் நம்பி வந்த கூலித் தொழிலாளர்களில் பலர் தலைமுறைகளாக நடைபாதையில் வாழும் பகுதி வடசென்னை. இப்பகுதி முழுவதற்கும் இப்போது மாநகராட்சியே பொறுப்பு.

காப்பகங்களுக்கு மாநகராட்சி கட்டடமும் நிதியும் தருகிறது. தொண்டு நிறுவனங்கள் அவற்றை நடத்துகின்றன. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் இதற்கு ஒன்றிய, மாநில அரசுகளின் பணத்தைக் கொண்டுவந்தது. ஆனால் பராமரிப்புச் செலவுக்கான உதவி ஒவ்வொரு காப்பகத்துக்கும் 5 ஆண்டுகளுக்கே என்று அதன் விதிகள் வரையறுத்தன. அதன்பின் செலவை உள்ளாட்சி அமைப்பு ஏற்க வேண்டும்.

மதிப்பீடு

கஞ்சித் தொட்டியின் வரலாற்றோடு ஒப்பிட்டால் இந்த 5 ஆண்டு வரம்பின் பொருள் விளங்கும். பஞ்சம் ஓய்ந்த பின்னும் சத்திரம் மூடப்படாததற்குக் காரணம், அதற்கென்று ஓர் இடமும் அறக்கட்டளையும் இருந்ததே. இன்றைய காப்பகத்துக்குச் சொந்த இடமோ சொத்தோ இல்லை. கட்டடம் மாநகராட்சியுடையது, சமைப்பவரின் ஊதியம் அடுத்த தவணையை எதிர்பார்த்திருக்கிறது. தவணை தாமதித்தால் முதலில் பாதிக்கப்படுபவர்கள் அங்கு உறங்கும் முதியவர்களும் நோயாளிகளும்தான். ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கிடைத்தது போன்ற நிலையான ஆண்டு ஒதுக்கீடு காப்பகங்களுக்கும் கிடைத்தால், 1782இல் தொடங்கிய பணியின் மறுபாதியையும் அரசு ஏற்றதாகும்.