வரிகளுக்கு நடுவே கொஞ்சம் இடம்

தாமாகவே ஒன்றைக் கற்க நினைப்பவருக்குப் புத்தகம் கிடைப்பது ஒரு பாடு. எழுதிப் பார்த்ததைத் திருத்த ஆள் கிடைப்பது பெரும்பாடு. சார்லஸ் டிக்கன்ஸ் 1820களின் இறுதியில் சுருக்கெழுத்தை அப்படித்தான் புத்தகத்தோடு மல்லுக்கட்டிக் கற்றார். பட்ட அவஸ்தையை ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ நாவலில் கொட்டியிருக்கிறார். கதாநாயகன் பத்தரை ஷில்லிங் கொடுத்துப் புத்தகம் வாங்குகிறான். சில வாரங்களிலேயே பித்துப் பிடிக்காத குறை.

திருத்த ஆள் இல்லாத குறைக்கு வழி பிறந்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, தபாலாபீஸில். அதுவரை பிரிட்டனில் கடிதக் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. பெரும்பாலும் பெறுபவர்தான் காசு கொடுக்க வேண்டும். தபால் சீர்திருத்தவாதி ரோலண்ட் ஹில்லின் யோசனைப்படி, 1840 ஜனவரி 10 முதல் அரை அவுன்ஸ் வரையிலான கடிதம் நாட்டின் எந்த மூலைக்கும் ஒரே பென்னியில் போனது.

பாத் நகரில் இருந்த ஐசக் பிட்மன் இந்த வாய்ப்பை விடவில்லை. 1837-இல் தாம் வெளியிட்ட சுருக்கெழுத்து முறையை ஒரே தாளில் அடக்கி, அதையும் ஒரு பென்னிக்கே விற்றார். தாளிலேயே ஓர் அழைப்பும் இருந்தது: யார் வேண்டுமானாலும் தபாலில் இலவசமாகப் பாடம் கேட்கலாம். பைபிளில் ஏறக்குறைய ஒரு டஜன் வசனங்களைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்ப வேண்டும். திருத்துவதற்கு வரிகளுக்கு நடுவே இடம் விட வேண்டும்.

சூட்சுமம் இந்தக் கடைசி நிபந்தனையில்தான். பாடத்தை ஊர் ஊராகக் கொண்டுபோக அச்சு இயந்திரம் எப்போதோ வந்துவிட்டது. படிப்பவரின் பிழையை ஆசிரியரிடம் கொண்டுபோய், திருத்தத்தோடு திருப்பித் தந்தது பென்னித் தபால்தான். நம்மூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகள் வரை வந்து சேர்ந்த ‘பிட்மன்’ பரவியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் ஒரு மனிதர் எத்தனை கடிதங்களைத்தான் திருத்துவார்? 1843-இல் இதற்கென ஒரு சங்கம் உருவானது. முறையைக் கற்றுத் தேர்ந்தவர்கள் புதியவர்களின் பயிற்சிகளைக் கூலி வாங்காமல் திருத்திக் கொடுத்தார்கள்.

இதே சிக்கல் இணையக் காலத்திலும் திரும்பி வந்தது. 2011-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் இலவசமாக நடத்தியபோது, சுமார் 1,60,000 பேர் பதிவுசெய்தார்கள். முடித்தவர்கள் ஏறக்குறைய இருபதாயிரம் பேர். விடைகளைக் கணினியே திருத்தியது. கணக்குக்கு அது போதும். கட்டுரை எழுதவைக்கும் படிப்புகள் வந்ததும் கணினி கையை விரித்தது. கோர்செரா என்ற இணையப் பாடத்தளம் மாணவர்களையே ஒருவர் தாளை மற்றவர் திருத்தச் சொன்னது. பிட்மனின் சங்கமாவது தேர்ந்தவர்களிடம் தாளைக் கொடுத்தது. இங்கே திருத்துபவரும் கற்றுக்குட்டிதான்.

2022 நவம்பரில் வந்த சாட்ஜிபிடி, கட்டுரையையும் நொடியில் திருத்துகிறது, நள்ளிரவிலும் அலுத்துக்கொள்வதில்லை. பென்னித் தபாலுக்குப் பிறகு தனியே படிப்பவருக்குக் கிடைத்த பெரிய உதவி என்று இதைத் தயங்காமல் சொல்லலாம். ஒரு குறை: தப்பையும் அதே தெம்போடு சொல்லிவிடுகிறது. அதை நம்பிப் படிக்க உட்காருபவர்கள் ஒரு நல்ல பாடப்புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும்.