புலமைப்பரிசில்
"மகள் ஸ்கொலர்ஷிப் பாஸ் பண்ணிட்டா, இனி டவுன் ஸ்கூல்தான்" என்று திரியாய்க் கிராமத்தில் ஒரு தாய் சொன்னபோது, பெறுபேற்றுத் தாளை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தார். அந்த ஸ்கொலர்ஷிப்புக்கு நம்மிடம் அழகான சொல் இருக்கிறது: புலமைப்பரிசில். பரிசில் சங்ககாலச் சொல். புரவலன் புலவருக்குக் கொடுப்பது. ஆளைக் காணாமல் கொடுத்தால் அது பரிசிலாகாது என்று கருதி, தம்மைப் பாராமலே அரசன் அதியமான் அனுப்பிய பொருளைப் புலவர் பெருஞ்சித்திரனார் மறுத்துவிட்டார். இலங்கையில் ஐந்தாம் தரப் பரீட்சை அச்சொல்லின் பொருளையே நகர்த்திவிட்டது. கெட்டிக்கார ஏழைப் பிள்ளைக்கு உதவிப்பணமும் வசதியுள்ள பாடசாலையில் இடமும் என்றிருந்தது, இன்று பேச்சில் வெட்டுப்புள்ளியைத் தாண்டுவது என்றாகிவிட்டது. சிங்களத்தில் இது 'சிஷ்யத்வய', மாணவராயிருத்தல், தமிழ்நாட்டில் உதவித்தொகை. எனக்கு நம் சொல்தான் பிடிக்கும். இரக்கப்பட்டுக் கொடுக்கும் தொனி அதில் இல்லை, பிள்ளையின் அறிவுக்கு மரியாதை இருக்கிறது. ஆனால் புலமைக்குள் இருக்கும் 'புலம்' அறிவையும் குறிக்கும், இடத்தையும் குறிக்கும். போரில் புலம்பெயர்ந்து திரும்பிய அந்த ஊரில், பத்து வயதுப் பிள்ளை படிப்புக்காக மறுபடி புலம்பெயர்வதற்குப் பரிசில் என்று பெயர் வைக்க மனம் ஒப்பவில்லை. அந்தப் பரிசில் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே வரவேண்டும். அந்தத் தாயோ, விடுதிக்கு எத்தனை வெள்ளைச் சட்டை தைக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.