திருவனந்தபுரத்தின் கல்வித் தொழில்நுட்ப மாநாடுகளும் பள்ளி விழாக்களும்: 2001க்குப் பிந்தைய வளர்ச்சி

கல்வித் தொழில்நுட்பத்திற்கென ஆண்டுதோறும் கூட்டப்படும் பெரிய மாநாடுகள் உலகின் பல நாடுகளில் இரு பகுதிகளைக் கொண்டவையாக அமைந்துள்ளன. ஒன்று, ஆய்வுரைகளும் விவாதங்களும் நடைபெறும் கருத்தரங்கம். மற்றொன்று, நிறுவனங்கள் தம் கருவிகளையும் மென்பொருள்களையும் பரப்பி வைக்கும் வணிகக் கண்காட்சி. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1979ஆம் ஆண்டு தொடங்கிய கல்விக் கணினி மாநாடும், லண்டனில் 1985ஆம் ஆண்டு தொடங்கிப் பின்னர் ‘பெட்’ என்று பெயர் பெற்ற கண்காட்சியும் இவ்வகைக்கு முன்னோடிகள். இவற்றின் கண்காட்சிக் கூடத்தில் நிறுவனம் விற்பவராகவும், பள்ளித் தலைமையும் கல்வித்துறை அதிகாரியும் வாங்குபவராகவும் நிற்க, ஆசிரியரும் மாணவரும் பெரும்பாலும் பார்வையாளராகவே இருந்துவிடுகின்றனர். கேரளத் தலைநகரான திருவனந்தபுரத்தில் கடந்த கால் நூற்றாண்டில் உருவான மாநாடுகளும் விழாக்களும் இந்த உறவைத் தலைகீழாக மாற்றியுள்ளன. பள்ளிக் கணினியில் எத்தகைய மென்பொருள் இயங்க வேண்டும் என்ற கேள்விக்கு அம்மாநிலம் கண்ட விடையே இம்மாற்றத்திற்கு முதன்மைக் காரணம் என்று இக்கட்டுரை கருதுகிறது.

2001ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்வுகள் ஒன்றோடொன்று தொடர்பின்றித் தொடங்கின. விண்வெளி அறிவியலாளர் யு.ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையை அடியொற்றி, உயர்நிலைப் பள்ளிகளில் கணினிவழிக் கல்வியைப் புகுத்துவதற்கான ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டத்தை மாநில அரசு தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் நிறுவனர் ரிச்சர்ட் ஸ்டால்மன் பங்கேற்ற ஒரு மாநாட்டில், இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. கட்டற்ற மென்பொருள் என்பது, பயன்படுத்துபவர் அதை எந்த நோக்கத்திற்கும் இயக்கவும், அதன் மூல நிரலைப் படித்துத் திருத்தவும், திருத்தியதையும் திருத்தாததையும் பிறருக்குப் படியெடுத்துத் தரவும் உரிமை அளிக்கும் மென்பொருளாகும். விலையின்றிக் கிடைப்பது இதன் பக்கவிளைவு மட்டுமே. திருத்தும் உரிமையே இதன் உயிர். அன்றைய மாநாட்டில் கூடியவர்களில் பெரும்பாலோர் பொறியாளர்களும் ஆர்வலர்களுமாக இருந்தபோதிலும், அங்கு எழுந்த வாதம் சில ஆண்டுகளில் பள்ளி ஆசிரியர்களின் வாதமாக உருமாறியது.

பள்ளித் திட்டத்தின் முதற்கட்டத்தில் பாடநூலும் ஆசிரியர் பயிற்சியும் ஒரு தனியார் நிறுவனத்தின் இயங்குதளத்தையே சார்ந்திருந்தன. அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி ஒரு நிறுவனத்தின் உரிமத்திற்குக் கட்டுப்படலாகாது என்று ஆசிரியர் சங்கங்களும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2005க்குப் பிறகு பள்ளிகள் படிப்படியாக லினக்ஸ் இயங்குதளத்திற்கு மாறின. ஸ்டால்மன் 2006 ஆகஸ்டில் மீண்டும் கேரளம் வந்தபோது, அப்போதைய முதலமைச்சர் வி.எஸ். அச்சுதானந்தனின் அரசு இக்கொள்கைக்கு வெளிப்படையாகத் துணை நின்றது. எனினும் இம்மாற்றத்தை அரசாணையின் வெற்றியாக மட்டும் படிப்பது போதாது. பணியிலுள்ள ஆசிரியர்களையே ‘மாஸ்டர் டிரெய்னர்’ என்னும் முதன்மைப் பயிற்றுநர்களாக நியமித்து, ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியரை ஐடி ஒருங்கிணைப்பாளராக அமர்த்தி, பயிற்சிப் பொறுப்பை வெளி நிறுவனங்களிடம் ஒப்படைக்காமல் ஆசிரியச் சமூகத்திற்குள்ளேயே வைத்திருந்ததால்தான் மாறுதல் நிலைத்தது. பழுதடைந்த கணினியைத் திறந்து பார்க்கவும், இயங்குதளத்தை மீண்டும் நிறுவவும் கற்றுக்கொண்ட ஆசிரியர், அடுத்த படியாகத் தம் பாடத்திற்கு வேண்டிய துணைக்கருவியைத் தாமே செய்யத் தலைப்பட்டது இயல்பான வளர்ச்சி.

கண்காட்சியின் இயல்பு மாறியது இந்த இடத்தில்தான். மென்பொருளைப் படியெடுக்கச் செலவில்லை என்றானபின், அரங்கில் அதை விற்பதற்கு ஒருவர் நிற்க வேண்டிய தேவை மறைகிறது. அதைக் கொண்டு எதைச் செய்ய முடிந்தது என்பதைக் காட்டுபவரின் தேவை எழுகிறது. கேரளப் பள்ளிகளில் ஆண்டுதோறும் நடைபெறும் ‘சாஸ்த்ரோத்சவம்’ என்னும் அறிவியல் விழாவின் ஓர் அங்கமாகிய ‘ஐடி மேளா’ இத்தேவையிலிருந்து வலுப்பெற்றது. பள்ளி, துணை மாவட்டம், மாவட்டம், மாநிலம் எனப் படிநிலைகளாக நடக்கும் இதில், டிஜிட்டல் ஓவியம், அசைவூட்டம், ஸ்கிராட்ச் நிரலாக்கம், வலைப்பக்க வடிவமைப்பு, மலையாளத் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் போன்ற பிரிவுகளில் மாணவர்கள் போட்டியிடுகின்றனர். இவற்றுள் ஆய்வாளரின் தனிக் கவனத்திற்கு உரியது ஆசிரியர்களுக்கென அமைந்த ஒரு போட்டி: கணினிவழிக் கற்பித்தல் கருவியைத் தாமே உருவாக்கி, அதை நடுவர் முன் இயக்கிக் காட்ட வேண்டும். பிற நாட்டுக் கண்காட்சிகளில் நிறுவனப் பிரதிநிதி நிற்கும் இடத்தில் இங்கே வகுப்பாசிரியர் நிற்கிறார். செய்தவரே பள்ளியில் அதைக் கையாள்பவராகவும் இருப்பதால், கருவியின் குறைகள் மறைவதற்கு இடமில்லை.

இதற்கிடையே, எஜுசாட் செயற்கைக்கோளின் துணையுடன் இயங்கிய விக்டர்ஸ் கல்வி அலைவரிசையைக் குடியரசுத் தலைவர் ஏ.பி.ஜெ. அப்துல் கலாம் 2005 ஜூலையில் திருவனந்தபுரத்தில் தொடங்கி வைத்தார். 2017இல் ஐடி அட் ஸ்கூல் திட்டம் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக மாற்றப்பட்டு, 45,000 வகுப்பறைகளை உயர்தொழில்நுட்ப வகுப்பறைகளாக்கும் பணியை மேற்கொண்டது. மடிக்கணினியும் ப்ரொஜெக்டரும் தனியார் நிறுவனங்களிடமிருந்தே வாங்கப்பட்டன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அக்கொள்முதல் மாநில அளவிலான டெண்டர் வழியே நடந்ததால், விழா அரங்குகள் சந்தையாக மாறாமல் தப்பின. 2018 ஜனவரியில் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றம் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்டதாக வளர்ந்து, அசைவூட்டம், மின்னணுவியல், ரோபோட்டிக்ஸ் ஆகியவற்றில் முகாம்களை நடத்தியது. 2022 டிசம்பரில் பள்ளிகளுக்கு 9,000 ரோபோட்டிக் கிட்டுகள் வழங்கும் பணி தொடங்கியபின், விழாக்களில் திரைக்குள் அடங்கிய படைப்புகளுக்கு அருகே, சுற்றுப்பலகையும் உணரியும் கொண்டு மாணவர் செய்த பொருள்களும் இடம்பெறலாயின.

2023 ஆகஸ்டில் திருவனந்தபுரம் தாகூர் அரங்கில் நடந்த ‘ஃப்ரீடம் ஃபெஸ்ட்’ கட்டற்ற மென்பொருள் மாநாடு, பள்ளி விழா ஆகிய இரு மரபுகளையும் ஒன்றிணைத்தது. கருத்தரங்கமும் கண்காட்சியும் சேர்ந்த சர்வதேச மாநாட்டின் வடிவம் அதற்கு இருந்தது. காட்சிப் பொருள்களில் ஒரு பகுதி லிட்டில் கைட்ஸ் மாணவர்களின் ஆக்கமாக இருந்தது. மாநாட்டையொட்டிப் பள்ளிகளிலும் ஐடி மூலைகள் அமைக்கப்பட்டதால், தலைநகருக்கு வர இயலாத சிற்றூர்ப் பிள்ளைகளும் அதன் பங்காளிகள் ஆயினர். அவ்வாண்டு இறுதியில் மாநில சாஸ்த்ரோத்சவமும் இந்நகரிலேயே நடைபெற்றது.

இவ்வரலாற்றில் தமிழின் இடம் தனியே ஆராயத் தக்கது. திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசன் காலத்தில் உருவான சாலைக் கடைத்தெருவில் தலைமுறைகளாகத் தமிழ் வணிகர்கள் வாழ்ந்து வருகின்றனர். அவர்களுடைய பிள்ளைகளுக்கும், இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் தமிழ்வழி மாணவர்களுக்கும் பள்ளிக் கணினியில் தாய்மொழி இருக்கிறதா என்பது அடிப்படைக் கேள்வி. அதற்கான விடையின் ஒரு பகுதி வேறொரு மாநாட்டில் பிறந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டின் விளைவாகத் தரப்படுத்தப்பட்ட ‘தமிழ்99’ விசைப்பலகை, பின்னர் லினக்ஸ் இயங்குதளத்தின் உள்ளீட்டு முறைகளிலும் சேர்க்கப்பட்டமையால், எந்த நிறுவனத்தின் அனுமதியும் இன்றிக் கேரளப் பள்ளிக் கணினியிலும் தமிழில் எழுத வழி பிறந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் 2020 ஜூனில் தொடங்கிய ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்னும் தொலைக்காட்சி வகுப்புகள் தமிழிலும் கன்னடத்திலும் தயாரிக்கப்பட்டன. செயற்கை நுண்ணறிவை ஏழாம் வகுப்பில் அறிமுகப்படுத்திய 2024ஆம் ஆண்டின் ஐடி பாடநூலும் தமிழ்வழி மாணவர்களுக்கென வெளிவந்தது. ஆயினும் மொழிபெயர்த்து வழங்கப்படும் பாடத்தைப் பெறுவது ஒன்று, தமிழ் ஆசிரியர் ஒருவர் தாமே கருவி செய்து மாநில அரங்கில் இயக்கிக் காட்டுவது வேறொன்று. கட்டற்ற மென்பொருளின் திருத்தும் உரிமை அவருக்கும் முழுமையாக உண்டு. மேளாவின் அரங்கிலும் தமிழ்வழிப் படைப்புகளுக்கு அதற்கேற்ற இடம் கிடைக்க வேண்டும்.