நெல்லுக்குள் பக்குவமான அரிஷ்டம்... பாட்டில் லேபிளில் எதைப் பார்க்கணும்?

பாட்டி வீட்டு அலமாரியில் அந்தப் பழுப்பு நிற பாட்டிலைப் பார்த்திருப்பீங்க. தசமூலாரிஷ்டம்! குழந்தை பெத்த அக்காவுக்குச் சாப்பாட்டுக்கு அப்புறம் மூடியில் அளந்து கொடுப்பாங்க. இனிப்பு, துவர்ப்பு, கூடவே தொண்டையில் லேசா ஒரு காரல். அந்தக் காரலுக்குக் காரணம், ஆல்கஹால்.

எப்படி உருவாகுது?

வில்வம், பாதிரி, கண்டங்கத்திரி, நெருஞ்சில் உள்ளிட்ட 10 மூலிகை வேர்கள்தான் தசமூலம். இதோடு இன்னும் பல சரக்குகளைச் சேர்த்துக் கஷாயமாக்கி, வெல்லம், தேன், காட்டாத்திப்பூ போட்டு மூடி வைப்பாங்க. வெல்லம் நொதிக்கும்போது ஆல்கஹால் தானாகவே உண்டாகும். கஷாயம் காய்ச்சாமல் செய்தால் அது ஆசவம்.

பானை டு பாட்டில்

அந்தக் காலத்தில் பானையின் வாயைச் சீலைமண்ணால் பூசி அடைத்து, நெல் குவியலுக்குள் சுமார் ஒரு மாதம் புதைத்து வைப்பாங்க. சூடு கூடாமல் குறையாமல் நெல் பார்த்துக்கும். டெல்டாவில் நெல்லுக்கா பஞ்சம்? தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி, மருந்து ஆய்வுக்காகவே தன்வந்திரி மகால் வைத்திருந்தார். அந்த வைத்திய முறைகள் சரஸ்வதி மகால் நூலக வெளியீடுகளாக வந்திருக்கு.

இத்தாலியில் இதுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கார். மிலானில் 1845-ல் பெர்னார்டினோ பிராங்கா 27 மூலிகைகளில் உருவாக்கிய ஃபெர்னெட் பிராங்கா. அதுவும் மருந்தாகத்தான் ஆரம்பித்தது. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தப்போகூட மருந்துக் கடையில் கிடைத்தது. இன்று உலக உருண்டை மேல் கழுகு நிற்கும் லேபிளோடு பாரில் நிற்குது. பார்த்ததும் மதுன்னு தெரிஞ்சிடும். நம்ம பாட்டில் அப்படிக் காட்டிக்காது!

வாங்கும்போது கவனிங்க

* ஆல்கஹால் அளவு: பொதுவாக 5 முதல் 12 சதவீதம். 10 சதவீதம் என்றால் 30 மி.லி.யில் 3 மி.லி.தான். ஆனால் 450 மி.லி. பாட்டிலை மொத்தமாகக் குடித்தால் 45 மி.லி., அதாவது சுமார் 100 மி.லி. விஸ்கிக்குச் சமம்.
* 'ஆயுர்வேத மருந்து' என்ற வார்த்தை, லைசென்ஸ் எண், பேட்ச் எண், தயாரிப்பு தேதி இருக்கணும்.
* அடியில் வண்டல் இருந்தால் பயம் வேண்டாம். குலுக்கிட்டு ஊத்துங்க.
* பழுப்பு பாட்டில் அழகுக்கு இல்லை. வெளிச்சத்தைத் தடுக்க. வேறு பாட்டிலுக்கு மாத்தாதீங்க.

வெல்லம் இருப்பதால் சர்க்கரை நோயாளிகளும், ஆல்கஹால் இருப்பதால் கர்ப்பிணிகள், பாலூட்டும் அம்மாக்கள், கல்லீரல் பிரச்னை உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. குழந்தைகளுக்கு நீங்களாகக் கொடுக்காதீங்க. பாட்டி அன்போடுதான் கொடுப்பாங்க. லேபிளைப் படிப்பது நம்ம வேலை.